அடுப்பங்கரையில் மூன்று அறிவியல்

நுழையும் முன்

நாள்தோறும் நாம் காணும் எளிய பொருள்களுள் அடுப்பும் ஒன்று. அடுப்பு ஏன் புகைகிறது? அந்தப் புகை உடலுக்குள் சென்று என்ன செய்கிறது? தீங்கு எனத் தெரிந்த பின்னும் புகை ஏன் நிற்கவில்லை? முதல் கேள்விக்கு எரிதல் அறிவியலும், இரண்டாம் கேள்விக்கு நரம்பியலும், மூன்றாம் கேள்விக்குச் சமூக அறிவியலும் விடை தேடுகின்றன. இம்மூன்று துறைகளிலும் அண்மை ஆண்டுகளில் கண்டறியப்பட்ட செய்திகள் சிலவற்றை இப்பாடத்தில் அறிந்துகொள்வோம்.

இரண்டு அடுப்புகள்

கோடை விடுமுறையில் சொந்த ஊருக்குச் செல்லும் வழக்கம் உங்களில் பலருக்கு உண்டு. தில்லியிலோ மும்பையிலோ புனேயிலோ உள்ள உங்கள் வீட்டில் எரிவாயு அடுப்பு நீல நிறத்தில் எரிகிறது. ஊரில், பாட்டி வீட்டின் பின்கட்டில், வெந்நீர் காய்வதற்கோ நெல் அவிப்பதற்கோ மூட்டிய விறகடுப்பு மஞ்சள் நிறத்தில் எரிவதைக் கண்டிருப்பீர்கள். விறகு சற்று ஈரமாக இருந்தால் தீ அடங்கிப் புகை எழும். பாட்டி ஊதுகுழலை எடுத்து ஊதுவார். தீ மீண்டும் பற்றிக்கொள்ளும். ஆனால் அதற்குள் அவர் கண்களில் நீர் வழிந்திருக்கும்.

விறகடுப்பைக் காண ஊருக்குத்தான் செல்ல வேண்டும் என்பதில்லை. நீங்கள் வாழும் நகரத்திலேயே, கட்டடப் பணி நடக்கும் இடங்களின் ஓரத்தில், மூன்று செங்கற்களைக் கூட்டி அடுப்பாக்கிச் சமைக்கும் குடும்பங்கள் உள்ளன. அவர்களும் பிழைப்புத் தேடி வேற்றூரிலிருந்து வந்தவர்களே. உலகில் இன்றும் 200 கோடிக்கும் மேற்பட்ட மக்கள் விறகு, வறட்டி, கரி, மண்ணெண்ணெய் போன்றவற்றைக் கொண்டே சமைக்கின்றனர். வீட்டுக்குள் எழும் இத்தகைய புகையால் 2020-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் உயிரிழந்தனர் என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் மதிப்பீடு.

ஆகவே, அடுப்புப் புகை என்பது கண்ணெரிச்சலோடு முடிந்துவிடும் சிறு செய்தியன்று.

தீயின் கணக்கு

'நெருப்பில்லாமல் புகையாது' என்பது நம் பழமொழி. அறிவியல் அதனோடு மற்றொரு செய்தியையும் சேர்த்துச் சொல்கிறது: நெருப்பு நிறைவாக எரிந்தால் புகையே எழாது.

எரிவதற்கு மூன்று தேவை. அவை எரிபொருள், ஆக்சிஜன், வெப்பம் ஆகியன. விறகு எரிகிறது என்று நாம் சொல்கிறோம். உண்மையில் நாம் காணும் சுடர் விறகன்று. விறகு சூடேறும்போது அதிலிருந்து முதலில் நீராவி வெளியேறும். பின்பு எரியக்கூடிய வளிமங்கள் வெளிவரும். அந்த வளிமங்கள் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து எரியும்போதுதான் சுடர் தோன்றுகிறது. வளிமங்கள் எல்லாம் வெளியேறிய பின் எஞ்சும் கரி, சுடரின்றித் தணலாகக் கனன்றுகொண்டிருக்கும்.

இதனை மாணவர்களுக்கு அழகாக விளக்கிக் காட்டியவர் ஆங்கிலேய அறிவியல் அறிஞர் மைக்கேல் ஃபாரடே. 1860-ஆம் ஆண்டின் இறுதியிலும் 1861-ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் இலண்டன் ராயல் நிறுவனத்தில் அவர் சிறுவர்களுக்காக நிகழ்த்திய உரைகளின் பொருள் ஒரு மெழுகுவத்தி. சுடரின் நடுவிலுள்ள இருண்ட பகுதியில் கண்ணாடிக் குழாயின் ஒரு முனையை வைத்து, மறுமுனையில் வெளிவந்த ஆவியை அவர் பற்றவைத்துக் காட்டினார். எரிவது திட மெழுகன்று, அதன் ஆவியே என்பது அவையினருக்குப் புலனாயிற்று. சுடர் மஞ்சளாக ஒளிர்வதற்கு அதனுள் சூடேறி மின்னும் நுண்ணிய கரித்துகள்களே காரணம் என்பதையும் அவர் விளக்கினார்.

இப்போது முன்னர்க் கண்ட இரண்டு அடுப்புகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். எரிவாயு அடுப்பில் எரியும் வளிமம், பற்றிக்கொள்வதற்கு முன்பே காற்றோடு நன்கு கலந்துவிடுகிறது. எனவே அது ஏறத்தாழ முழுமையாக எரிந்து, கார்பன் டைஆக்சைடாகவும் நீராவியாகவும் மாறுகிறது. சுடர் நீலமாக இருக்கிறது. விறகடுப்பிலோ வளிமமும் காற்றும் முன்கூட்டிக் கலப்பதில்லை. காற்றுச் சரியாகக் கிடைக்காத இடங்களில் எரிதல் பாதியிலேயே நின்றுவிடுகிறது. அவ்வாறு அரைகுறையாக எரிந்த பொருள்களே கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வளிமமாகவும், கரித்துகள்களாகவும், கண்ணைக் கரிக்கும் பிற சேர்மங்களாகவும் வெளியேறுகின்றன. இவற்றின் தொகுதியையே நாம் புகை என்கிறோம்.

ஈரவிறகு மிகுதியாகப் புகைவதற்கும் காரணம் இதுவே. புதிதாக வெட்டிய மரத்தின் எடையில் பாதியளவுகூட நீர் இருக்கலாம். அந்த நீரை ஆவியாக்குவதிலேயே வெப்பம் செலவாகிவிடுகிறது. தீ குளிர்ந்துபோகிறது, வளிமங்கள் எரியாமலே வெளியேறுகின்றன. பாட்டி ஊதுகுழலால் ஊதும்போது தணலுக்கு ஆக்சிஜன் கிடைக்கிறது, வெப்பம் உயர்கிறது, புகையாக வெளியேறிய வளிமங்கள் சுடராகப் பற்றிக்கொள்கின்றன. படித்தறியாமலே அவர் எரிதல் அறிவியலின் அடிப்படையைக் கைவரப் பெற்றிருக்கிறார்.

அப்படியானால் புகையாத விறகடுப்பைச் செய்ய இயலாதா? இயலும். அடியில் ஒரு துளை வழியாகக் காற்றைச் செலுத்தி விறகிலிருந்து வளிமங்களை எழச் செய்து, மேலே வேறு துளைகள் வழியாகச் சூடான காற்றைச் செலுத்தி அவ்வளிமங்களை முழுமையாக எரிக்கும் அடுப்புகள் வடிவமைக்கப்பட்டுள்ளன. பெங்களூருவிலுள்ள இந்திய அறிவியல் நிறுவனம் இத்துறையில் பல ஆண்டுகளாக உழைத்துவருகிறது. ஊரகத் தொழில்நுட்பத்திற்கென 1974-இல் அங்கே அமுல்ய ரெட்டி என்னும் அறிஞர் தொடங்கிய 'அஸ்த்ரா' மையத்திலிருந்து, புகைபோக்கியுடன் கூடிய மூன்று பாத்திர அடுப்பு ஒன்று உருவாயிற்று.

எனினும் இதில் ஒரு சிக்கல் உண்டு. பாத்திரத்தைச் சுடருக்கு மிக அருகில் வைத்தால் வெப்பம் வீணாகாது, விறகு மிச்சமாகும். ஆனால் குளிர்ந்த பாத்திரத்தின் அடிப்பகுதி சுடரின் வெப்பத்தைக் குறைத்துவிடுவதால் எரிதல் தடைப்பட்டுக் கரித்துகள் மிகும். சட்டியின் அடியில் கரி அப்பிக்கொள்வது இதனால்தான். விறகைச் சேமிக்கும் அடுப்பு எல்லா நேரங்களிலும் புகையைக் குறைக்கும் அடுப்பாக அமைவதில்லை. இவ்விரண்டையும் ஒருங்கே நிறைவேற்றுவது பொறியாளர்களுக்கு இன்றும் ஓர் அறைகூவலாகவே உள்ளது.

தெரிந்து தெளிவோம்: விண்வெளியில் ஒரு சுடர்

மெழுகுவத்திச் சுடர் மேல்நோக்கிக் கூராக இருப்பதற்குக் காரணம் புவியின் ஈர்ப்பு. சூடான காற்று எடை குறைந்து மேலெழ, அதன் இடத்தை நிரப்பக் கீழிருந்து குளிர்ந்த காற்று வருகிறது. பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் எடையற்ற நிலை நிலவுவதால் சுடர் உருண்டை வடிவில் எரிகிறது. அங்கு ஹெப்டேன் என்னும் எரிபொருளின் துளிகளை எரித்துப் பார்த்த ஆய்வாளர்கள் ஒரு வியப்பைக் கண்டனர். கண்ணுக்குத் தெரிந்த சுடர் அணைந்த பின்னும் துளி சிறுத்துக்கொண்டே சென்றது. கண்ணுக்குப் புலப்படாத 'குளிர்ச்சுடர்' ஒன்று அங்கே எரிந்துகொண்டிருந்தது. வழக்கமான சுடரை விட அதன் வெப்பம் மிகக் குறைவு. இம்முடிவு 2012-ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. மனிதன் முதன்முதலில் கைக்கொண்ட ஆற்றலாகிய தீயைப் பற்றியே அறிய வேண்டியவை இன்னும் எஞ்சியிருக்கின்றன!

மூளைக்குச் செல்லும் வழி

புகை மூக்கினுள் நுழைந்து நுரையீரலைச் சென்றடைகிறது என்பது அனைவரும் அறிந்ததே. அதன் பயணம் அங்கேயே முடிந்துவிடுகிறதா?

புகையிலுள்ள துகள்களை ஆய்வாளர்கள் அவற்றின் பருமனைக் கொண்டு வகைப்படுத்துவர். 2.5 மைக்ரோமீட்டரும் அதனினும் சிறியனவுமாகிய துகள்கள் 'பிஎம் 2.5' எனப்படும். செய்திகளில் தில்லியின் குளிர்காலக் காற்றைப் பற்றிப் பேசும்போது இச்சொல்லை நீங்கள் கேட்டிருப்பீர்கள். நம் தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கே இருக்கும் இத்துகள்கள் நுரையீரலின் ஆழம் வரை செல்லவல்லன. இவற்றினும் மிக நுண்ணியவை குருதியிலும் கலக்கக்கூடும். மேலும், மணத்தை உணர்த்தும் நரம்பு மூக்கின் மேற்பகுதியிலிருந்து நேரே மூளையோடு இணைந்துள்ளது. அவ்வழியாகவும் நுண்துகள்கள் மூளையை அடையக்கூடும் என ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

2016-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பார்பரா மேகர் என்பவரும் அவருடன் பணியாற்றியவர்களும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். மெக்சிகோ நகரிலும் மான்செஸ்டரிலும் வாழ்ந்து மறைந்த 37 பேரின் மூளைத் திசுக்களை அவர்கள் ஆராய்ந்தனர். அவற்றில் மேக்னடைட் என்னும் காந்தத் தன்மையுள்ள இரும்புச் சேர்மத்தின் நுண்துகள்கள் காணப்பட்டன. உடலிலேயே இயற்கையாக உருவாகும் மேக்னடைட் துகள்கள் கோணங்களோடு கூடிய படிக வடிவில் இருக்கும். இவர்கள் கண்ட துகள்களுள் பெரும்பாலானவையோ உருண்டையாக இருந்தன. பெருவெப்பத்தில் எரியும் இடங்களிலிருந்து கிளம்பும் துகள்களே இவ்வாறு உருண்டையாக இருக்கும். ஆகவே அவை காற்றின் வழியாக வந்தவையாகலாம் என்னும் முடிவுக்கு அவர்கள் வந்தனர்.

துகள் மூளையில் இருக்கிறது என்பதாலேயே அது நோயை உண்டாக்குகிறது என்று சொல்லிவிட முடியாது. ஆகவே வேறு வகை ஆய்வுகளும் தேவைப்பட்டன. உங்களைப் போன்ற மாணவர்களைக் கொண்டே அத்தகைய ஆய்வு ஒன்று நடத்தப்பட்டது. ஸ்பெயின் நாட்டின் பார்சிலோனா நகரில் 39 பள்ளிகளைச் சேர்ந்த, 7 வயது முதல் 10 வயது வரையிலான 2,715 மாணவர்கள் அதில் பங்கேற்றனர். ஊர்திப் புகை மிகுந்த பள்ளிகளும் குறைந்த பள்ளிகளும் ஒப்பிடப்பட்டன. ஓராண்டுக் காலத்தில் மாணவர்களின் 'செயல் நினைவு' நான்கு முறை சோதிக்கப்பட்டது. மனக்கணக்குப் போடும்போது எண்களைச் சிறிது நேரம் மனத்தில் தாங்கிக்கொள்கிறோம் அல்லவா? அந்தத் திறனே செயல் நினைவு. மாசு குறைந்த பள்ளிகளில் அத்திறன் ஓராண்டில் 11.5 விழுக்காடு வளர்ந்தது. மாசு மிகுந்த பள்ளிகளில் 7.4 விழுக்காடே வளர்ந்தது. இம்முடிவு 2015-இல் வெளியாயிற்று.

2020-ஆம் ஆண்டில் 'லான்செட்' மருத்துவ இதழ் அமைத்த வல்லுநர் குழு, முதுமையில் நினைவாற்றல் அழியும் நோய்க்கு வழிவகுக்கும் காரணிகளின் பட்டியலில் காற்று மாசையும் புதிதாகச் சேர்த்தது.

இவ்விடத்தில் நாம் ஒன்றைக் கவனமாகச் சிந்திக்க வேண்டும். இரண்டு நிகழ்வுகள் சேர்ந்தே காணப்படுவது 'தொடர்பு' ஆகும். ஒன்று மற்றொன்றை விளைவிப்பது 'காரணம்' ஆகும். புகை மிகுந்த பகுதியில் வாழும் குழந்தைக்குப் புகையைத் தவிர வேறு குறைகளும் இருக்கலாம். இரைச்சல், ஊட்டக் குறைவு, வீட்டில் அமைதியாகப் படிக்க இடமின்மை ஆகியனவும் அதன் நினைவாற்றலைப் பாதிக்கலாம். ஆய்வாளர்கள் இவற்றையெல்லாம் கணக்கில் கொண்டே முடிவுகளை எழுதுகின்றனர். இருப்பினும், 'இதற்கு இதுவே காரணம்' என்று உறுதியாகச் சொல்ல வேறொரு முறை தேவைப்படுகிறது. அம்முறையை மருத்துவத்திலிருந்து பெற்று ஊர்களுக்குள் கொண்டுசென்றவர்கள் சமூக அறிவியலார்.

குலுக்கல் முறையில் ஓர் ஆய்வு

ஒரு புதிய அடுப்பு நன்மை தருமா என்று அறிய என்ன செய்யலாம்? விரும்பியவர்களுக்கெல்லாம் அடுப்பைக் கொடுத்துவிட்டு, அவர்களை மற்றவர்களோடு ஒப்பிடலாமா? கூடாது. புதிய அடுப்பை விரும்பி வாங்குபவர் உடல்நலத்தில் ஏற்கெனவே அக்கறை உள்ளவராக இருக்கலாம். பின்னாளில் அவர் நலமாக இருந்தால் அது அடுப்பினாலா, அக்கறையினாலா என்று பிரித்தறிய முடியாது.

ஆகவே யாருக்கு முதலில் அடுப்பு என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்யலாம். அப்போது அடுப்பைப் பெற்றவர்க்கும் பெறாதவர்க்கும் இடையே அடுப்பைத் தவிர வேறு ஒழுங்கான வேறுபாடு இராது. வறுமை ஒழிப்பில் இத்தகைய களச்சோதனை முறையை வளர்த்தமைக்காக அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ, மைக்கேல் கிரெமர் ஆகிய மூவருக்கும் 2019-ஆம் ஆண்டிற்கான பொருளாதார நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இவர்களுள் டஃப்லோவும், ரேமா ஹன்னா, மைக்கேல் கிரீன்ஸ்டோன் ஆகியோரும் சேர்ந்து ஒடிசா மாநிலத்தில் 44 சிற்றூர்களில் ஏறத்தாழ 2,600 குடும்பங்களிடையே ஓர் ஆய்வை நடத்தினர். மண்ணால் கட்டப்பட்டு, புகைபோக்கி பொருத்தப்பட்ட மேம்பட்ட அடுப்பு, ஊரார் முன்னிலையில் குலுக்கல் முறையில் குடும்பங்களுக்கு வழங்கப்பட்டது. ஆய்வுக்கூடத்தில் சோதித்தபோது நல்ல பயன் தந்த வகை அது. சமைப்பவர் வெளிவிடும் மூச்சிலுள்ள கார்பன் மோனாக்சைடின் அளவைக் கொண்டு, அவர் எவ்வளவு புகையைச் சுவாசிக்கிறார் என்று அளந்தனர். நான்கு ஆண்டுகள் வரை தொடர்ந்து கவனித்தனர்.

முதலாண்டில் பெண்கள் சுவாசித்த புகையின் அளவு குறைந்தது. ஆனால் அந்த நன்மை நிலைக்கவில்லை. பின்வந்த ஆண்டுகளில் புதிய அடுப்பு பெற்றவர்க்கும் பெறாதவர்க்கும் இடையே வேறுபாடு காணப்படவில்லை. உடல்நலத்திலும் விறகுச் செலவிலும் எதிர்பார்த்த மாற்றம் இல்லை. 2016-இல் வெளியான இவ்வாய்வின் முடிவு பலருக்கு ஏமாற்றம் அளித்தது.

ஏன் இவ்வாறு ஆயிற்று? அடுப்பின் வடிவமைப்பில் பிழையில்லை. ஆனால் மண் அடுப்பில் விரிசல் விழுந்தால் உடனே பூச வேண்டும். புகைபோக்கியில் கரி அடைத்தால் துடைக்க வேண்டும். பல வீடுகளில் இவை நடைபெறவில்லை. புதிய அடுப்பை நாள்தோறும் பயன்படுத்தாமல், பழைய அடுப்பிலும் சமையலைத் தொடர்ந்தனர். ஆய்வுக்கூடத்தில் அடுப்பை எரிப்பவருக்கு அது ஒன்றே வேலை. வீட்டில் எரிப்பவருக்கோ தண்ணீர் சுமப்பதும், குழந்தையைப் பார்ப்பதும், வயலுக்குச் செல்வதும் உண்டு. அவற்றுக்கிடையே அடுப்பைப் பேணும் வேலையும் சேர்ந்தால் எதை அவர் முதலில் விடுவார்? இக்கேள்வியை எரிதல் அறிவியல் கேட்பதில்லை. சமூக அறிவியல் கேட்கிறது.

புகை குறைந்தது, பிறகு?

விறகடுப்பைத் திருத்துவதை விட்டுவிட்டு எரிவாயுவையே கொடுத்தால் என்ன? 2016-ஆம் ஆண்டு மே மாதம் 1-ஆம் நாள் உத்தரப்பிரதேசத்தின் பாலியா நகரில் 'உஜ்வலா' திட்டம் தொடங்கப்பட்டது. 2019-ஆம் ஆண்டு செப்டம்பருக்குள் ஏழைக் குடும்பப் பெண்களின் பெயரில் 8 கோடி எரிவாயு இணைப்புகள் வழங்கப்பட்டன. ஆனால் இணைப்பு வேறு, பயன்பாடு வேறு. உருளை தீர்ந்ததும் மறு உருளை வாங்கப் பணம் வேண்டும். விறகோ பெரும்பாலும் விலையின்றிக் கிடைக்கிறது. எனவே பல குடும்பங்கள் எரிவாயுவையும் விறகையும் மாறி மாறிப் பயன்படுத்தின.

அப்படியானால் எரிவாயுவை விலையின்றியும் தடையின்றியும் கொடுத்தால் என்ன நிகழும்? இக்கேள்விக்கு விடை காண இந்தியா, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நான்கு நாடுகளில் 3,200 கருவுற்ற பெண்களிடையே பெரிய ஆய்வு ஒன்று நடைபெற்றது. இந்தியப் பகுதி ஆய்வு நிகழ்ந்த இடம் தமிழ்நாடு. சென்னையிலுள்ள ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் ஆய்வாளர்கள் அதனை மேற்கொண்டனர். குலுக்கல் முறையில் தேர்ந்த ஒரு பாதியினருக்கு எரிவாயு அடுப்பும், 18 மாதங்களுக்கு எரிவாயுவும் விலையின்றி வழங்கப்பட்டன. மறுபாதியினர் வழக்கம்போல் விறகு முதலியவற்றையே பயன்படுத்தினர்.

இம்முறை பெண்கள் விறகடுப்பை ஏறத்தாழ முழுமையாகக் கைவிட்டனர். எரிவாயு தடையின்றிக் கிடைத்தால் அவர்கள் அதனையே விரும்பிப் பயன்படுத்துவர் என்பது தெளிவாயிற்று. விறகு எரித்த பெண்கள் சுவாசித்த காற்றில் நுண்துகள் கன மீட்டருக்குச் சராசரியாக 103 மைக்ரோகிராம் இருந்தது. எரிவாயு பெற்றவர்களிடம் அது 35 மைக்ரோகிராமாகக் குறைந்தது. ஆனால் ஆய்வாளர்கள் எதிர்பார்த்த மற்றொரு நன்மை கிட்டவில்லை. எரிவாயு பெற்ற தாய்மாருக்குப் பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2,921 கிராம்; மற்றவர்களின் குழந்தைகளுடையது 2,898 கிராம். இவ்வளவு சிறிய வேறுபாடு தற்செயலாகவும் தோன்றக்கூடியது. எனவே 'பிறப்பு எடை கூடியது' என்று தம்மால் கூற முடியாது என்று 2022-இல் அவர்கள் வெளிப்படையாக அறிவித்தனர்.

இதனால் புகை தீங்கற்றது என்று பொருள்கொள்ளலாமா? கூடாது. ஆய்வு கேட்டது ஒரு குறிப்பிட்ட கேள்வி; கிடைத்தது அதற்குரிய விடை. குழந்தையின் எடையைத் தாயின் ஊட்டம், நலம் முதலிய பலவும் சேர்ந்து முடிவு செய்கின்றன. புகை குறைந்த பின்னும் இருந்த 35 மைக்ரோகிராம் என்பது, ஒரு நாளின் சராசரி 15 மைக்ரோகிராமைத் தாண்டலாகாது என்னும் உலக நலவாழ்வு நிறுவனத்தின் வரையறையைப் போல் இருமடங்குக்கும் மேற்பட்டது. நம் வீட்டு அடுப்பு தூய்மையாக எரிந்தாலும், பக்கத்து வீட்டின் புகையும் சாலையின் புகையும் நம் சன்னல் வழியாக வருகின்றன அல்லவா?

மூன்றும் சேரும் இடம்

இதுவரை கண்டவற்றைத் தொகுத்துப் பார்ப்போம். எரிதல் அறிவியல் புகை ஏன் எழுகிறது என்பதையும் அதனைக் குறைக்கும் வழியையும் சொன்னது. நரம்பியல் அப்புகை மூளையையும் தொடக்கூடும் என எச்சரித்தது. சமூக அறிவியல் அடுப்பின் முன் அமர்ந்திருக்கும் மனிதரைப் பார்க்கக் கற்றுத்தந்தது. இவற்றுள் ஏதேனும் ஒன்று மட்டும் தனித்து நின்றால் சிக்கல் தீராது. நல்ல அடுப்பைச் செய்தும், அதைப் பயன்படுத்துபவரின் நாளை அறியாவிட்டால் அடுப்பு மூலையில் கிடக்கும். தீங்கை எடுத்துச் சொல்லியும், மாற்று வழியைக் காட்டாவிட்டால் அச்சமே மிஞ்சும்.

மற்றொரு பாடமும் இங்கு உண்டு. ஒடிசாவில் அடுப்பு எதிர்பார்த்த பயனைத் தரவில்லை. நான்கு நாட்டு ஆய்வில் எடை கூடவில்லை. எனினும் ஆய்வாளர்கள் அம்முடிவுகளை மறைக்கவில்லை. வென்றதை மட்டும் சொல்லித் தோற்றதை மறைத்திருந்தால், பயன்தராத அடுப்புகளுக்கே மேலும் மேலும் பொருள் செலவாகியிருக்கும். எதிர்பார்த்தது நடக்கவில்லை என்று சொல்லும் நேர்மையும் அறிவியலின் ஒரு பகுதியே.

அடுத்த விடுமுறையில் பாட்டியின் அடுப்பங்கரைக்குச் செல்லும்போது, தீயைச் சற்று உற்றுப் பாருங்கள். மஞ்சள் சுடரில் ஒளிர்வது எரியாத கரித்துகள் என்பதை இப்போது நீங்கள் அறிவீர்கள். அதன் பின் பாட்டியின் அருகில் அமர்ந்து, அவருக்கு எது எளிது, எது கடினம் என்று கேளுங்கள். எரிவாயு அடுப்பு உள்ளே இருந்தும் அவர் விறகடுப்பை ஏன் மூட்டுகிறார் என்பதற்கு அவரிடம் ஒரு காரணம் இருக்கும். அதைக் கேட்டறிவதும் ஆய்வுதான்.

சொற்பொருள்

வறட்டி – மாட்டுச் சாணத்தைத் தட்டி உலர்த்திய எரிபொருள்
தணல் – சுடரின்றிக் கனன்றுகொண்டிருக்கும் கரி
வளிமம் – காற்றைப் போன்ற நிலையிலுள்ள பொருள்
சேர்மம் – தனிமங்கள் இணைந்து உருவான பொருள்
காரணி – ஒன்று நிகழ்வதற்குத் துணையாகும் கூறு
அறைகூவல் – வலிந்து அழைக்கும் கடினமான பணி

பயிற்சி

அ. சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.

1. மெழுகுவத்திச் சுடர் மஞ்சளாக ஒளிர்வதற்குக் காரணம் ________.
(நீராவி / கரித்துகள் / ஆக்சிஜன் / சாம்பல்)

2. ஒடிசா ஆய்வில் அடுப்பு ________ முறையில் வழங்கப்பட்டது.
(விற்பனை / போட்டி / குலுக்கல் / தேர்வு)

ஆ. பிரித்து எழுதுக.

நெருப்பில்லாமல், விறகடுப்பு, கண்ணெரிச்சல், ஊட்டக்குறைவு

இ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.

1. ஈரவிறகு மிகுதியாகப் புகைவது ஏன்?
2. 'செயல் நினைவு' என்பது யாது?
3. ஒடிசாவில் புதிய அடுப்பின் பயன் நிலைக்காமைக்குக் காரணங்கள் இரண்டனைக் கூறுக.

ஈ. சிந்தித்து எழுதுக.

1. 'தொடர்பு', 'காரணம்' ஆகிய இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை, உங்கள் வாழ்விலிருந்து ஓர் எடுத்துக்காட்டுத் தந்து விளக்குக.
2. எதிர்பார்த்த பயன் கிடைக்காத ஆய்வையும் வெளியிட வேண்டும் என்பதை நீங்கள் ஏற்கிறீர்களா? ஏன்?

உ. செயல்பாடு

உங்கள் பாட்டியிடமோ ஊரிலுள்ள உறவினர் ஒருவரிடமோ தொலைபேசியில் பேசி, அடுப்போடு தொடர்புடைய சொற்களைக் கேட்டுத் தொகுத்து எழுதுக. (எடுத்துக்காட்டு: ஊதுகுழல், சுள்ளி, கொள்ளி, கொடியடுப்பு.) அச்சொற்களுள் உங்கள் வீட்டில் இன்று வழங்குபவை எவை, வழங்காதவை எவை எனப் பட்டியலிட்டு வகுப்பறையில் படித்துக் காட்டுக.